பஸ்ஸின் பின்னால் வந்தவர்கள்

கடிதம் வியாழக்கிழமை வந்தது. மொத்தமே ஆறேழு வரி. எழுதிய டீச்சர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ஹங்கேரியில் எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தாலும், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிறபோது பெற்றோருக்கு அனுப்புகிற அதே கடிதம்தான் அது.

"அன்புள்ள பெற்றோர்களே, பள்ளிக் கட்டடத்தில் சுவருக்கு வண்ணம் பூசும் வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே முதல் வாரம் முழுவதும் பிள்ளைகளைப் பேருந்தில் புடா மலைமேல் உள்ள ஒரு வீட்டுக்கு அழைத்துச் செல்வோம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளி முற்றத்தில் கூட வேண்டும். ஒரு நாள் உணவும் ஒரு மாற்றுடையும் கொடுத்தனுப்பவும். பையின்மேல் பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் தெளிவாக எழுதவும். பெற்றோர் உடன் வர இயலாது."

லீவியா மருந்துக்கடை வேலை முடிந்து வந்த களைப்பில், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். மூன்றாவது தடவை தாளின் உச்சியைப் பார்த்தாள். "யூத ஆரம்பப் பள்ளி, புடாபெஸ்ட்" என்று புத்தம் புது நீல மையில் அச்சடித்திருந்தது. அந்த ஒரு வரி மட்டும் இல்லாதிருந்தால் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போயிருப்பாள். அந்த வரியோடு சேர்த்துப் படித்ததும் உருளைக்கிழங்கு மறந்துபோயிற்று.

"இத படி" என்று கணவனிடம் நீட்டினாள்.

அந்தோர் படித்தான். அவன் கட்டட வரைபடம் வரைகிறவன். எதையும் நேர்கோட்டில் பார்க்கிற ஆள். "சரி, பிக்னிக் மாதிரி. நல்லதுதானே? மலைமேல காத்து நல்லா இருக்கும்."

"இன்னொரு தரம் படி."

"என்ன லீவி இது? போன வருஷம் நர்சரில மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போகலையா? அப்பவும் இப்படித்தான் சீட்டு வந்துது. சாப்பாடு குடுங்க, மாத்துத்துணி குடுங்கன்னு."

"அப்போ யார் வீட்டுப் பிள்ளைங்கன்னு மேல அச்சடிக்கல."

அந்தோர் தாளின் உச்சியைப் பார்த்தான். கடிதத்தை இரண்டாம் தடவை படித்தான். இந்த முறை அவன் கை கடிதத்தை மேஜைமேல் மெதுவாக, சுடுகிற பாத்திரத்தை வைப்பதுபோல் வைத்தது.

அந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான். கம்யூனிஸ்ட் ஆட்சி போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் தினம் ஒரு கடை, தினம் ஒரு கட்சி, தினம் ஒரு பத்திரிகை புதிதாகத் திறந்துகொண்டிருந்தார்கள். அதில் இதுவும் ஒன்று. பாதிப் பேர் தாங்கள் யூதர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமலே நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்ட நகரத்தில், பட்டப்பகலில் பலகை மாட்டி ஒரு யூதப் பள்ளி. லீவியாவுக்கே தான் யூதப் பெண் என்பது பதினாலு வயதில்தான் தெரியும். வகுப்பில் ஒருத்தி யூதர்களைப் பற்றிச் சொன்ன நையாண்டியை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு, "சிரிச்சாச்சா? இப்ப உட்காரு" என்றார். அப்படித்தான் தெரிந்தது. தன் மகளுக்கு இப்படித் தெரிய வேண்டாம் என்றுதான் ஜூன் மாதம் அவளும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜூன் மாதத் தைரியம் ஜூன் மாதத்தோடு சரி.

பெயரும் பிறந்த தேதியும். அதை மட்டும் அவளால் தாண்டிப் போக முடியவில்லை.

லீவியாவின் அம்மா எதிலும் பெயர் எழுத மாட்டாள். மற்ற வீடுகளில் கோடையில் போட்ட ஜாம் பாட்டில்களில் அழகாகச் சீட்டு ஒட்டி, பழத்தின் பெயரும் வருஷமும் எழுதியிருப்பார்கள். இவர்கள் வீட்டில் ஐம்பது பாட்டில் வரிசையாக நிற்கும், ஒன்றிலும் ஒரு எழுத்து இருக்காது. பிளம் ஜாம் என்று திறந்தால் தக்காளியாக இருக்கும். ஒரு பிறந்தநாளில் தோசைமாதிரி மெல்லிய பலகாரத்தில் தக்காளியைத் தடவி விருந்தாளிகளுக்குப் பரிமாறியும்விட்டார்கள். அம்மாவுக்குச் சோம்பல் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், சாவதற்குப் பத்து நாள் இருக்கையில் அம்மா சொன்னாள். நாற்பத்து நாலில், நாஜிகள் காலத்தில், அவர்கள் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தபோது, யூதர் எல்லோரும் பள்ளி முற்றத்தில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்ததாம். ஆளுக்கொரு பை, அதில் பெயரும் பிறந்த தேதியும். அம்மாவுக்குப் பதினாறு வயது. வீட்டிலேயே நல்ல கையெழுத்து அவளுக்குத்தான். ஏழு வயதுத் தங்கை மித்ஸியின் பையில் அவள்தான் எழுதினாள். ஓரத்தில் ஒரு பூ வேறு வரைந்தாளாம். ரயில் போய் நின்ற வதைமுகாமில் பதினாறு வயதுக்காரியை வேலைக்கென்று ஒரு பக்கம் தள்ளினார்கள். மித்ஸியை இன்னொரு பக்கம், யாரும் திரும்பி வராத பக்கம். "அந்தப் பை என் கண்ணு முன்னாடியே போச்சு. எழுத்து நல்லா தெரிஞ்சுது" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை லீவியா ஒரு சிவப்புப் பை வாங்கினாள். சனிக்கிழமை அதற்கென்றே ஒரு வெள்ளை மை பேனா வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையையும் பேனாவையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவை மூன்று தடவை திறந்து மூன்று தடவை மூடினாள். மருந்துப் பாட்டிலுக்குச் சீட்டு ஆயிரம் தடவை பிழையில்லாமல் எழுதுகிற கை.

ஷாரி மேஜை விளிம்பில் தாடையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

"எழுதும்மா. எனக்கு ஆறு எழுத்து தெரியும். நான் வேணா எழுதட்டா?"

"வேண்டாம்!" என்று லீவியா போட்ட சத்தத்தில் குழந்தை பின்னால் நகர்ந்துவிட்டது. உடனே அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. "வேண்டாம்டா கண்ணு. அம்மா அப்புறம் எழுதறேன்."

"அப்ப என் குடையையாவது வரையேன்."

நர்சரியில் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதிலாக ஒரு படம் கொடுப்பார்கள். துண்டு மாட்டும் ஆணிமேலும் கட்டில்மேலும் அந்தப் படம்தான் இருக்கும். ஷாரிக்கு மூன்று வருஷமாகக் குடை. லீவியாவுக்கு உயிர் வந்தது. குடை யாருடைய பெயரும் இல்லை, குடைக்குப் பிறந்த தேதியும் கிடையாது. பை முழுக்கப் பெரிதாகக் குடை வரைந்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஏழாம் வட்டாரத்தில் அந்தப் பழைய கட்டடத்தின் முற்றத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் நின்றார்கள். வெள்ளைச் சட்டை, கருநீலப் பாவாடை, கருநீலக் கால்சட்டை. வண்ணத்தின் வாடை மூக்கைத் துளைத்தது. வாசலில் நீல பஸ் நின்றது. அதன் படியில் கழுத்தும் தோளும் ஒன்றாகப் போன ஒரு வாலிபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெயர் பெனோ, ஜூடோ வீரனாம், பிள்ளைகளுக்குத் துணையாம். முதல் வகுப்புக்கு எதற்கு ஜூடோ வீரன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

இபோயா டீச்சர் கையில் பட்டியலோடு வந்தாள். கிழக்கே கிராமத்துப் பக்கத்துக்காரி, முப்பது வயது, பளிச்சென்ற முகம். அவள் யூதப் பெண் இல்லை. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரி என்று தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள்.

"பைகளை எல்லாம் இங்க வரிசையா வைங்க" என்றாள்.

வைத்தார்கள். டீச்சர் குனிந்து பார்த்தாள். முதல் பையில் செர்ரிப் பழம். அடுத்ததில் நத்தை. அடுத்தது வெறும் பை. அடுத்ததும் வெறும் பை. பிறகு வாத்து, குடை, வெறும் பை, ரயில் பெட்டி, வெறும் பை. முப்பத்தொரு பையில் பெயர் இருந்தது நாலே நாலில்.

"யாருமே கடிதத்தப் படிக்கலையா?" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. எல்லோரும் பைகளைத்தான் பார்த்தார்கள். தன் வீட்டுச் சமையலறையில் மட்டும் நடந்தது என்று லீவியா நினைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழு சமையலறைகளில் நடந்திருக்கிறது. அவளுக்கு அழுகை முட்டியது. ஆறுதலாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாகவும் இருந்தது. தான் ஒருத்தி மட்டும் பயப்பட்டால் அது கிறுக்கு. இத்தனை பேர் பயப்பட்டால்?

எமில் என்கிற பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். பெரிய தொந்தி, பெரிய குரல். "டீச்சர், எங்க எல்லாருக்குமே கையெழுத்து கொஞ்சம் மோசம்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பட்டியலைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். கழுத்திலிருந்து மேலே மெதுவாகச் சிவந்துகொண்டு வந்தது. பட்டியலை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"பேர் வேண்டாம். நானே ஒவ்வொருத்தரா கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. நல்ல பெண்.

"நாங்களும் கூட வந்தா என்ன?" என்று லீவியா கேட்டாள்.

டீச்சர் பெனோவை ஒரு பார்வை பார்த்தாள். "ஏற்பாடு அப்படி இல்லைங்க. பஸ்ல இடமும் இல்ல. நாலு மணிக்கு இங்கயே திருப்பிக் கொண்டாந்து விட்ருவோம்."

ஷாரி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தி அம்மாவுக்குப் பன்றி மூக்கு காட்டினாள். பன்றியே ஆகாத அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பொருத்தமான வேடிக்கை. கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

பெற்றோர்கள் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார்கள்.

"எனக்கு புடா பக்கம் கொஞ்சம் வேலை இருக்கு" என்றார் எமில், யாரும் கேட்காமலே. வேகமாகத் தன் வெள்ளை லாடா காரை நோக்கி நடந்தார். நடந்தார் என்ன, தொந்தி குலுங்க ஓடினார்.

அவ்வளவுதான். எல்லோருக்கும் அந்த நிமிஷமே புடா பக்கம் வேலை வந்துவிட்டது. ஒருவருக்கு அத்தையைப் பார்க்க வேண்டும், ஒருத்திக்குத் தையல்காரரைப் பார்க்க வேண்டும். அந்தோர், "எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு லீவி" என்று சொல்லிக்கொண்டே டிராபான்ட் காரின் கதவைத் திறந்து அவளை உள்ளே தள்ளினான்.

கார்கள் பஸ்ஸின் பின்னால் போயின. முதலில் எமிலின் வெள்ளை லாடா, அதற்குப் பின்னால் இவர்களுடைய வெளிர்நீல டிராபான்ட், அதற்கும் பின்னால் பதினேழு வண்டிகள், புகையைக் கக்கிக்கொண்டு. நடைபாதையில் போனவர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக் கையாட்டினார்கள். லீவியாவுக்குப் பஸ்ஸின் பின்கண்ணாடி தெரிகிற வரைக்கும் மூச்சு விட முடிந்தது. கண்ணாடியில் பெனோவின் தலை தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். மறுபடியும் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் வேகமா போறான் அந்த டிரைவர்?" என்றாள்.

"ரோடு காலியா இருக்கு."

"இல்ல அந்தோர். நாம கிட்ட போகப் போக அவன் வேகத்தக் கூட்டறான்."

எமிலுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். மெதுவாகப் போகச் சொல்லி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார், ஹார்னையும் அடித்தார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு இன்னும் வேகமெடுத்தது. மார்கித் பாலத்தின் முனையில் மஞ்சள் விளக்கு சிவப்பாகிற நொடியில் அது பாய்ந்து பாலத்தில் ஏறிவிட்டது. இவர்களுக்கு முன்னால் டிராம் வண்டி ஒன்று நீளமாக, அவசரமே இல்லாமல், ஊர்ந்து போயிற்று. லீவியா கதவில் கையை வைத்து அடித்தாள். டிராம் விலகியபோது பாலத்தின்மேல் பஸ் இல்லை. பாலத்தைத் தாண்டினார்கள், அங்கேயும் இல்லை. கீழே டான்யூப் ஆறு மட்டும் வெயிலில் மினுமினுத்துக்கொண்டு ஓடியது. நாற்பத்து நாலில் யூதர்களைச் சுட்டுத் தள்ளிய அந்த ஆற்றின் பக்கம் அவள் பார்க்கவில்லை.

கடிதத்தின் அடியில் இருந்த விலாசத்தைப் பிடித்து மலைமேல் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. வீட்டைக் கவனித்துக்கொள்கிற அம்மாள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பஸ்ஸா? இன்னும் வரலையே. நீங்கல்லாம் யாரு?"

அவர்களுக்கு முன்னால் கிளம்பி, அவர்களைவிட வேகமாகப் போன பஸ், வந்து சேரவில்லை. பத்து நிமிஷம் நின்றார்கள். இருபது நிமிஷம் நின்றார்கள். எமில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒருத்தி விரல்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தோர் சாலையின் வளைவுவரை ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தான்.

லீவியாவுக்கு ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. யாரும் துப்பாக்கி காட்டவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டது நான். ரொட்டியில் பிளம் ஜாம் தடவியது நான். முற்றத்துக்குக் கூட்டி வந்தது நான், படியேற்றிவிட்டதும் நான். அம்மா பதினாறு வயதில், வேறு வழியில்லாமல் செய்ததை, நான் முப்பத்தாறு வயதில், விண்ணப்பம் போட்டுக் கேட்டு வாங்கிச் செய்திருக்கிறேன். தன்மேலேயே காறித் துப்பலாம்போல் வந்தது.

"போலீசுக்குச் சொல்லலாம்" என்றார் ஒருவர்.

"என்னன்னு சொல்றது?" என்றார் எமில் தரையைப் பார்த்தபடி.

எல்லோருக்கும் தெரியும் என்னவென்று சொல்ல வேண்டுமென்று. அதனால்தான் ஒருவரும் அசையவில்லை. லீவியா அந்த அம்மாளிடம் ஃபோன் எங்கே என்று கேட்டாள். கூடத்து மூலையில் கறுப்பு ஃபோன் இருந்தது. போலீஸ் எண்ணைச் சுழற்றினாள்.

"பஸ்ஸைக் காணோம். உள்ள முப்பத்தோரு பிள்ளைங்க. என் பொண்ணும் இருக்கா."

"பொண்ணு பேரு?"

சொன்னாள். முழுப்பெயரும் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பிறந்த தேதி கேட்டான், அதையும் சொன்னாள். அந்த நேரத்தில் உலகத்தில் ஏதாவது ஒரு தாளில் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

"என்ன பள்ளிக்கூடம்?"

"யூதப் பள்ளிக்கூடம்."

மறுமுனையில் அவன் எழுதிக்கொண்டிருந்தானோ, என்ன செய்துகொண்டிருந்தானோ. அதற்குள் வெளியே, "பஸ்! பஸ்!" என்று அந்தோர் கத்தினான். ஃபோனை அப்படியே தொங்கவிட்டு ஓடினாள்.

பஸ் மலையின் மேல்பக்கத்திலிருந்து, யாரும் எதிர்பார்க்காத பாதையில் வந்தது. நீல பஸ், அதே பஸ். ஆனால் ஜன்னல்களில் ஒரு தலைகூட இல்லை. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை வெறும் கண்ணாடி.

லீவியாவின் பக்கத்தில் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள், அலறலாகக்கூட இல்லை, சாதாரணமாக, பால் பொங்கிவிட்டதைப் பார்த்தவள்போல.

பஸ் தூரத்திலேயே நின்றது. கதவு பாதி திறந்தது. பெனோ ஒற்றைக் காலைக் கீழே வைத்து, கையில் ஒரு இரும்புத் தடியோடு எட்டிப் பார்த்தான். வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தான். வெள்ளை லாடாவைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

பிறகுதான் லாடாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொந்தியை அடையாளம் கண்டுகொண்டான்.

"டாக்டர்? நீங்களா?"

"பிள்ளைங்க எங்கடா?" என்று எமில் கத்தினார்.

"நீங்களா பின்னாடி வந்தது? லைட்ட போட்டுப் போட்டு அடிச்சது நீங்களா? கடவுளே! ஆகஸ்ட்ல பள்ளிக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்துது. பேர் போடாதவன், பஸ் கிளம்பற அன்னிக்குப் பாத்துக்கறேன்னு எழுதியிருந்தான். எந்த வண்டியாவது பின்னாடி வந்தா டிரைவர்கிட்ட சொல்லிப் பாதைய மாத்துன்னு எனக்கு உத்தரவு. ஒரு வண்டி இல்ல, பத்தொம்போது வண்டி வந்துது! நான் என்னத்த நினைக்கறது?"

"எங்ககிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க பயந்துடக் கூடாதுன்னு."

யாராவது ஒருவர் சிரித்திருக்கலாம். பெனோ தடியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினான். "எழுந்திருங்க பிள்ளைங்களா. ஒண்ணுமில்ல. எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றான்.

இருக்கைகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தலையாக மேலே வந்தது.

ஷாரி கடைசியில் இறங்கினாள். வெள்ளைச் சட்டை முழுக்கப் பஸ் தரையின் அழுக்கு, பாவாடை நனைந்திருந்தது. லீவியா அவளை வாரி எடுத்து நெஞ்சோடு இறுக்கினாள். குழந்தை அழவில்லை. அம்மாவின் காதோடு வாயை வைத்து, ரகசியமாக, பெருமையாகச் சொன்னாள்.

"அம்மா, எங்கள துரத்துனாங்க. நெறைய பேர். பெனோ மாமா எல்லாரையும் சீட்டுக்கு அடியில படுக்கச் சொன்னாரு. மூச்சு சத்தம்கூட கேக்கக் கூடாதுன்னாரு. பக்கத்துல ஒரு பையன் அழுதான், நான் அவன் வாயப் பொத்திட்டேன். நான் அழவே இல்ல. அவங்க எங்கள கண்டுபிடிக்கல."

லீவியாவின் அம்மா சாவு நெருங்கும்வரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயத்தை, லீவியா தன் மகளுக்குப் பள்ளியின் முதல் நாளே, ஒன்பதரை மணிக்குள், கொடுத்துவிட்டாள். மொட்டைக் கடிதம் எழுதியவன் கொடுக்கவில்லை. அவன் வரவே இல்லை.

"ஷாரி, அது நாங்கதான்டா" என்றாள். "அப்பாவும் நானும்தான் பின்னாடி வந்தோம். உன்னப் பாக்கத்தான் வந்தோம்."

ஷாரி பின்னால் சாய்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத பெரியவர்களைப் பிள்ளைகள் பார்க்கிற பார்வை. "இல்லம்மா. நீ அங்க இல்லல்ல, உனக்குத் தெரியாது. அவங்க கெட்டவங்க. ஹார்ன்கூட அடிச்சாங்க."

அன்று முழுக்க, ராத்திரிச் சாப்பாட்டின்போதும், அந்தோர் இரண்டு முறை கார்ச் சாவியைக் காட்டி விளக்கினான். ஷாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அதே முற்றம், அதே நீல பஸ். நேற்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் ஏறியவள் இன்றைக்கு முதல் படியில் ஒரு காலை வைத்து நின்றுவிட்டாள். பெனோ கையை நீட்டினான், அவள் பிடிக்கவில்லை. அம்மாவின் சட்டைக் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். வாய் கோணியது.

"இன்னிக்கும் வருவாங்களாம்மா?"

"வர மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

முற்றத்திலிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. எல்லோரும் வண்ணம் காயாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இபோயா டீச்சர் குனிந்து யாருடையதோ செருப்பு வாரைத் தேவையில்லாமல் கழற்றி மாட்டினாள்.

"நான் அவங்களப் பாத்தேன்" என்றாள் லீவியா. "பேசினேன். இனிமே உங்க பஸ் பின்னாடி வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

ஷாரி சட்டைக் கையை விட்டாள். ஒவ்வொரு விரலாகத்தான் விட்டாள். படியேறிப் போனாள். ஜன்னலில் இன்று மூக்கை அழுத்தவில்லை. கண்கள் மட்டும் தெரிகிற மாதிரி தாழ்வாக உட்கார்ந்து, அம்மாவின் தலைக்குமேல், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வாசலைத் தாண்டித் திரும்பியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோயிற்று. முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. ஒருவருக்கும் புடா பக்கம் வேலை இல்லை. எமில் லாடாவை வீட்டிலேயே விட்டுவிட்டு டிராமில் வந்திருந்தார். அந்தோர் சாவியைக் கைக்குள் வைத்து மூடியிருந்தான். லீவியா தனக்குத் தெரிந்தவர்கள் சார்பில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில் கடிதம் எழுதியவனைப் பற்றி அவளால் எந்த வாக்கும் கொடுக்க முடியாது. நாலு மணிக்கு இன்னும் ஏழே முக்கால் மணி நேரம் இருந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.